வாவியிலிருந்து ஓர் ஆய்வுக் கட்டுரை

உயர்தரத்தில் புவியியல் படிக்கும் எங்களில் பலர் நாளை வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ அதே பாடத்தைத் தொடரக்கூடும். அங்கே அடிக்கடி கேட்கும் சொல் 'ஆய்வு மாநாடு'. அதற்குக் கட்டுரை அனுப்புவது பேராசிரியர்களின் வேலை, அதுவும் ஆங்கிலத்தில்தான் என்று நினைத்துவிடுகிறோம். ஆனால் ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் மாநாட்டுத் தொகுப்புகளில் தமிழ்க் கட்டுரைகளும் நிறையவே உள்ளன. கட்டுரை எப்படி உருவாகிறது என்பதை இப்போதே தெரிந்துகொள்வதில் நட்டமில்லை.

முதல் வேலை கேள்வியைச் சிறிதாக்குவது. 'மட்டக்களப்பு வாவியின் பிரச்சினைகள்' என்பது ஆய்வுத் தலைப்பல்ல. வாவியின் நீளம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர். பாலமீன்மடு முகத்துவாரத்திலும் கல்லாற்றிலும் அது கடலோடு சேர்கிறது. அத்தனையையும் ஒரு கட்டுரைக்குள் அடக்க முடியாது. 'முகத்துவாரம் திறந்து நான்கு வாரங்களில் காத்தான்குடிக் கரையில் நீரின் உவர்ப்பு எவ்வாறு மாறுகிறது?' என்று கேட்டால் அது ஆய்வு. ஒரே இடம், ஒரே நேரம், கிழமைக்கு ஒரு தடவை, ஒரே கருவி. பதில் சிறியதாக இருக்கலாம், ஆனால் இன்னொருவர் சரிபார்க்கக்கூடியதாக இருக்கும்.

இது வெறும் பாடசாலைக் கணக்கல்ல. வரண்ட காலத்தில் அலை கொண்டுவரும் மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது வாவி நிரம்பி, படுவான்கரை வயல்களில் வெள்ளம் நிற்கும். வேளாண்மை செய்பவருக்கு மணலை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவது அவசரம். வலை வீசுபவரின் கணக்கு வேறாக இருக்கலாம். எப்போது வெட்டுவது என்ற பேச்சு எழும்போது, உவர்ப்பும் நீர்மட்டமும் எழுத்தில் இருந்தால் அதை வைத்துப் பேசலாம். இல்லாவிட்டால் உரத்துப் பேசுபவரின் பக்கமே நியாயம் போய்விடும் என்பது என் எண்ணம்.

அடுத்தது சொற்கள். எங்கள் உம்மாமார் இதை 'ஆறு' என்பார்கள். பத்திரிகைகள் 'வாவி' என்கின்றன. பாடப்புத்தகத்தில் 'களப்பு'. கட்டுரையை மதிப்பிடுபவர் 'ஆறு' என்று கண்டால் மலையிலிருந்து ஓடிவரும் நீரைத்தான் நினைப்பார். எனவே ஒரு சொல்லைத் தெரிந்தெடுத்து, முதற் பந்தியிலேயே அதற்குப் பொருள் சொல்லிவிட வேண்டும். நேர்காணலில் ஒருவர் 'ஆறு' என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னபடியே மேற்கோளில் விடலாம்.

கண்டதையும் கருதியதையும் பிரித்து எழுதுவதுதான் எனக்கு மிகக் கடினமாகத் தெரிகிறது. இதற்கு நல்ல உதாரணம் எங்கள் வாவியிலேயே உண்டு. 'பாடும் மீன்' கதையை விசாரிக்க 1848 செப்டெம்பரில் இலங்கையின் குடியேற்றச் செயலாளர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட் இங்கே தோணியில் போனார். நிலவு வெளிச்சம், ஒலி நீரின் அடியிலிருந்து வந்தது, தோணியின் பலகையில் காதை வைத்தபோது கூடுதலாகக் கேட்டது: இவை அவர் கண்டவை, கேட்டவை. அது ஒரு சிப்பியின் சத்தம் என்று மீனவர்கள் சொன்னார்கள். மீனைவிடச் சிப்பியினமாக இருக்கலாம் என்பது அவருடைய கருத்து. 1859இல் வெளிவந்த அவரது நூலில் இவை தனித்தனியே நிற்பதால்தான், கருத்தோடு உடன்படாதவரும் அந்தக் குறிப்பை இன்றும் பயன்படுத்த முடிகிறது. ஆய்வுக் கட்டுரையில் 'பெறுபேறுகள்', 'கலந்துரையாடல்' என்று இரண்டு தலைப்புகள் வைப்பதன் காரணமும் இதுவே.

நேர்காணலுக்கு இன்னும் பழைய முன்மாதிரி அல் இத்ரீசி. 1154இல் சிசிலியில் முடித்த அவரது புவியியல் நூலுக்காகப் பயணிகளிடம் ஒரே விடயத்தைத் தனித்தனியே கேட்டு, அவர்கள் ஒத்துப்போனதையே ஏற்றார்கள். பத்து மீனவர்களிடம் கேட்பதென்றால் பத்துப் பேரிடமும் அதே கேள்விகளைக் கேட்க வேண்டும்.

மாநாட்டு அழைப்பு வெளியானதும் பொதுவாக முதலில் கேட்பது ஆய்வுச் சுருக்கம். 250, 300 சொற்களுக்குள் பின்னணி, நோக்கம், முறை, கண்டது, முடிவு எல்லாம் வர வேண்டும். முதலில் அனுப்புவது அதுதான், ஆனால் கடைசியில் எழுதுவதே நல்லது. இன்னும் அளக்காததைக் 'கண்டறியப்பட்டது' என்று எழுதக்கூடாது. பல மாநாடுகளில் மதிப்பீட்டுக்குப் போகும் பிரதியில் பெயரும் ஊரும் இருக்கக்கூடாது. யார் எழுதியது என்று தெரியாமலே வாசிக்க வேண்டும் என்பதற்காக. பிறரிடமிருந்து எடுத்த வரிகளைக் கணினி மென்பொருள் காட்டிக்கொடுத்துவிடும். 'திருத்தி அனுப்புக' என்று பதில் வந்தால் அழத் தேவையில்லை. அது நிராகரிப்பல்ல. ஒவ்வொரு குறிப்புக்கும் என்ன செய்தோம் என்று வரிசையாகப் பதில் எழுதி, குறித்த நாளுக்குள் திருப்பி அனுப்ப வேண்டும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. களவேலை என்றதும் பிள்ளை தனியே அலையப்போகிறாள் என்ற பயம் வருகிறது. இரண்டு பேராக, பகல் நேரத்தில், வாப்பாவோ நானாவோ கூட வர, கரையில் நின்றே நீர் மாதிரி எடுக்கலாம். மழைவீழ்ச்சித் தரவுக்கு வளிமண்டலவியல் திணைக்களத்துக்கும், குடும்பங்களின் விபரத்துக்குப் பிரதேச செயலகத்துக்கும் அதிபரின் கடிதத்தோடு விண்ணப்பிக்கலாம். பழைய செய்மதிப் படங்களை வீட்டுக் கணினியிலேயே பார்க்க முடியும். உண்மையில் ஆய்வின் பெரும்பகுதி மேசையில்தான் நடக்கிறது.

கடைசிப் பக்கத்தில் நன்றியுரை வரும். நேர்காணல் தந்த மீனவர் சம்மதித்தால் மட்டும் அவருடைய பெயரை அங்கே போடலாம். அச்சானதும் ஒரு பிரதியைக் கொண்டுபோய், அவர் சொன்னதை எப்படி எழுதியிருக்கிறோம் என்று வாசித்துக் காட்ட வேண்டும்.