கீபோர்டுக்குள் ஒரு பெருக்கல்

கீபோர்டின் நடுப்பகுதியில் ஒரு கட்டை இருக்கிறது. அதை அழுத்தினால் காற்று நொடிக்கு 440 முறை அதிரும். அங்கிருந்து மேலே 12-ஆவது கட்டைக்கு 880 முறை, அதாவது சரியாக இரு மடங்கு. பாட்டு வகுப்பில் கீழ் 'ச', மேல் 'ச' என்கிறார்களே, அவற்றுக்கு இடையிலும் இதே இரு மடங்குதான்.

நடுவில் உள்ள 11 கட்டைகளுக்கும் எண் கொடுக்கும்படி கணினியிடம் சொல்வோமா?

முதலில் தோன்றும் வழி கூட்டல். 440-ஐ 12 பங்காக்கு. ஒவ்வொரு கட்டைக்கும் 36.67 கூட்டிக்கொண்டே போ. தாளில் அழகாகத்தான் இருக்கும். வாசித்துப் பார்த்தால் முதல் படி பெரிய தாவலாகவும் கடைசிப் படி சின்ன நகர்வாகவும் கேட்கும். ஏனென்றால் நம் காது வித்தியாசத்தைக் கவனிப்பதில்லை, எத்தனை மடங்கு என்பதைத்தான் கவனிக்கிறது. 440-உடன் 36.67 சேர்ந்தால் 8 சதவீதத்துக்கு மேல் உயர்வு. கடைசிப் படியிலோ அதே 36.67 சுமார் 4 சதவீதம்தான்.

ஆகவே பெருக்க வேண்டும். ஒரே எண்ணால் 12 முறை பெருக்கினால் 2 மடங்கு வரவேண்டும். எந்த எண்? பைத்தான் மொழியில் 2 என்று எழுதி, இரண்டு நட்சத்திரக் குறி போட்டு, அடைப்புக்குள் 1/12 என்று எழுதினால் போதும்: 1.05946. சீனாவின் மிங் அரச குடும்பத்து இளவரசர் ஜூ ஜாய்யூ 1584-ஆம் ஆண்டு வாக்கிலேயே இதைக் கணக்கிட்டுவிட்டார். 2-க்கு வர்க்கமூலம், அதற்கும் வர்க்கமூலம், பிறகு கனமூலம். நீங்களும் கால்குலேட்டரில் செய்து பாருங்கள்.

இப்போது 440, 466.16, 493.88, 523.25 என்று வரிசை நகரும். பள்ளிப் பாடத்தில் இதன் பெயர் பெருக்குத்தொடர் வரிசை. பைத்தானுக்கான 'நம்பை' தொகுப்பில் இதற்கென்றே 'ஜியோம்ஸ்பேஸ்' என்ற கட்டளை உண்டு. தொடக்கம், முடிவு, மொத்தம் எத்தனை எண்கள் என மூன்றைச் சொன்னால் முழு வரிசையையும் தந்துவிடும். நம் கீபோர்டுக்கு 12 என்று சொல்லிவிடாதீர்கள், 13 என்று சொல்லுங்கள்! ஒரு கையில் விரல்கள் ஐந்து, இடைவெளிகள் நான்குதானே?

தொடக்க எண்ணாக 0 கொடுத்தால் என்ன ஆகும்? பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். 880-க்கு ஏற வழியே இல்லை. நம்பை இதை நன்றாகவே அறிந்திருக்கிறது. வரிசை எதையும் தராமல், பூஜ்யம் இதில் வரக்கூடாது என்று பிழைச்செய்தி காட்டிவிட்டு நின்றுவிடும்.