அவசரத்தின் விலை

'ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு' என்பது பழமொழி. அந்த ஆத்திரத்தையே முதலாக வைத்து நடக்கும் வாணிபம் ஒன்று அமெரிக்காவில் உண்டு. அந்த நாட்டு வரிக் கணக்கு நமக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். வட்டிக் கணக்கு எல்லா ஊருக்கும் ஒன்றுதான்.

அங்கே தொழிலாளியின் ஊதியத்திலிருந்து வருமான வரியை முதலாளியே பிடித்து அரசுக்குக் கட்டிவிடுகிறார். ஆண்டு முடிந்ததும் தொழிலாளி கணக்குத் தாக்கல் செய்கிறார். கூடுதலாகப் பிடித்திருந்தால் மிச்சம் 'ரீஃபண்டு' ஆகத் திரும்பி வரும். உழைத்தும் குறைந்த வருவாயே பெறுவோருக்கென 1975-இல் ஒரு வரிச் சலுகை ஏற்பட்டது. கட்டிய வரிக்கு மேலாகவும் பணம் பெற அது வழி செய்கிறது. பல ஏழைக் குடும்பங்கள் ஆண்டில் ஒருமுறை காணும் பெருந்தொகை இதுவே. வாடகை பாக்கியும் குளிர்காலச் செலவும் நெருக்கும்போது, அவர்கள் அவசரப்படுவதில் வியப்பில்லை.

கணக்கு எழுதிக் கொடுக்கும் நிறுவனங்களை நாடுவோர் முன்னே மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது, கணினி வழியே தாக்கல் செய்து, சொந்த வங்கிக் கணக்கில் பணத்தை நேரே பெறுவது. பெரும்பாலான ரீஃபண்டுகள் 21 நாட்களுக்குள் வந்துவிடும் என்கிறது வரித்துறை. இப்படிப் பெறுவதற்குத் தனிக் கட்டணம் இல்லை. மேற்சொன்ன சலுகையைக் கோருவோருக்கு மட்டும், 2015-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் பணம் வராது. எந்த நிறுவனத்தாலும் அந்தத் தேதியை முன்னுக்கு இழுக்க முடியாது.

இரண்டாவது, 'ரீஃபண்டு டிரான்ஸ்ஃபர்'. கணக்கு எழுதும் கூலியைக் கையிலிருந்து கொடுக்க முடியாதவருக்காக ஒரு தற்காலிக வங்கிக் கணக்கு திறக்கப்படுகிறது. ரீஃபண்டு அதில் வந்து விழும். கூலியையும், இந்த ஏற்பாட்டுக்கான கட்டணத்தையும் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார்கள். பணம் ஒரு நாள்கூட முந்தி வருவதில்லை. கூலி மட்டுமே தள்ளிப்போகிறது. ஓர் எடுத்துக்காட்டு: கூலி 200 டாலர், அதை 20 நாள் தள்ளிப்போடக் கட்டணம் 40 டாலர் என்று கொள்வோம். 20 நாளுக்கு 20 விழுக்காடு. அதாவது ஆண்டுக்கு 365 விழுக்காடு!

மூன்றாவது, ரீஃபண்டை ஈடாகக் கொண்ட முன்கடன். கணினி வழித் தாக்கல் 1986-இல் சோதனையாகத் தொடங்கியதை ஒட்டி இது வளர்ந்தது. 3,000 டாலரைப் பத்து நாள் முந்திப் பெற 100 டாலர் கொடுத்தால், ஆண்டு வட்டி ஏறத்தாழ 122 விழுக்காடு. ரீஃபண்டு குறைந்துபோனால் பாக்கி கடன் வாங்கியவர் தலையில்தான் விழும். தாக்கல் செய்தவருக்கு அரசுப் பாக்கி உண்டா என்று கடன் கொடுப்போருக்கு உணர்த்திவந்த குறிப்பை நிறுத்துவதாக 2010-இல் வரித்துறை அறிவித்தது. வங்கிகள் ஒவ்வொன்றாக விலகின. 2012-உடன் வங்கிகள் வழங்கிவந்த அந்தப் பழைய வகைக் கடன் ஓய்ந்தது.

இப்போது 'வட்டியில்லா முன்பணம்' என்று விளம்பரம் செய்கிறார்கள். வட்டி வாங்கும் முன்கடன்களும் இருக்கின்றன. வட்டி இல்லாவிட்டாலும் அந்த நிறுவனத்திடமே கூலி கொடுத்துக் கணக்கு எழுத வேண்டும். கிடைப்பதும் ரீஃபண்டின் ஒரு பகுதியே. எப்படியும் அங்கேதான் எழுதப் போகிறோம், நாளையே வீட்டைக் காலி செய்ய வேண்டிய நிலை என்றால் அது உதவலாம். ஆனால் ஒப்பமிடுமுன் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். மொத்தம் எவ்வளவு கழியும்? உண்மையில் எத்தனை நாள் மிச்சம்? ரீஃபண்டு குறைந்தால் பாக்கி யார் பொறுப்பு?

இந்தக் கணக்கு எனக்குப் புதிதன்று. என் தாயாரிடம் ஒரு தண்டல் அட்டை உண்டு. 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கொடுத்தார்கள்; நாளுக்கு நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். "ஆயிரம் ரூபாதானே போவுது" என்பார் அம்மா. கடன் நாள்தோறும் குறைவதையும் சேர்த்துக் கணக்கிட்டேன். ஆண்டுக்கு 75 விழுக்காட்டுக்கு மேல் வந்தது. பெருமையோடு சொன்னேன். "சரிப்பா, பேங்குல எனக்கு யாரு குடுப்பா?" என்றார். பதில் சொல்ல முடியவில்லை.

அமெரிக்க ஏழையின் நிலையும் அதுதான். வங்கிக் கணக்கு இல்லாதவருக்கு முதல் வழி எட்டாக்கனி. கூலி கொடுக்க வழியில்லாதவர் இரண்டாவதில் சிக்குகிறார். ஆனால் அங்கே 1969 முதல், குறைந்த வருவாயினருக்கு இலவசமாகக் கணக்கு எழுதித் தரும் தொண்டுத் திட்டம் ஒன்றை வரித்துறை நடத்திவருகிறது. தேர்வெழுதித் தேறிய தொண்டர்கள் அதில் பணியாற்றுகிறார்கள். அவர்களில் கல்லூரி மாணவர்களும் உண்டு.

இதைப் படித்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. நம் தெருக்களிலும் கடன் பத்திரத்தையும் தண்டல் அட்டையையும் படித்துச் சொல்ல ஆள் தேவை. வங்கியில் விண்ணப்பம் நிரப்பித் தரவும் ஆள் தேவை. வட்டிக் கணக்குப் படித்த நாம் அந்த வேலையைச் செய்யலாமே!