காற்றில் புளிக்கும் பீர்

தில்லியில் குடியிருக்கும் நம் குடும்பங்களுக்கு டிசம்பர் பிறந்தால் ஒரு கவலை வந்துவிடும். இட்லி மாவு பொங்காது. இரவு அரைத்து வைத்தது காலையில் அரைத்தபடியே இருக்கும். பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி வைப்போம், வெந்நீர்ப் பாத்திரத்தின் பக்கத்தில் வைப்போம், சில வீடுகளில் ஹீட்டர் அருகில்கூட வைப்பதுண்டு. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும் என்பதே இதற்குக் காரணம்.

பெல்ஜியம் நாட்டின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில் இதற்கு நேர்மாறான கவலையோடு ஒரு தொழில் நடக்கிறது. இரவு போதுமான அளவு குளிராக இல்லையே என்பது அவர்களுடைய கவலை. சென்ற கோடை விடுமுறையில் நானும் என் மனைவியும் அங்கே சில நாட்கள் தங்கியபோது அறிந்ததை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் நாங்கள் போனது நகரின் நடுவே உள்ள ஒரு 'கிராஃப்ட் பீர்' மதுக்கூடத்துக்கு. சிறிய ஆலைகளில், சிறிய அளவில், தயாரிப்பவரின் கைப்பக்குவத்தோடு செய்யப்படும் பீரைத்தான் இப்படிச் சொல்கிறார்கள். பெங்களூரு, புணே, குருகிராம் ஆகிய நகரங்களிலும் இன்று இத்தகைய இடங்கள் உண்டு. சுவரில் இருந்த கரும்பலகையில் ஒவ்வொரு பீரின் பெயர், தயாரான ஆலை, மதுவின் விழுக்காடு, கோப்பையின் அளவு, விலை எல்லாம் எழுதியிருந்தன. பாலாடைக்கட்டியும் ரொட்டியும் வைத்துக்கொண்டு வயதான தம்பதிகள் பேசிக்கொண்டிருந்தார்கள். மது அருந்தாத என் மனைவி பழச்சாறு கேட்டார். யாரும் அதை விசித்திரமாகப் பார்க்கவில்லை. ஒளிவு மறைவும் இல்லை, அவசரமும் இல்லை.

பலகையில் 'லாம்பிக்' என்ற பெயர் இருந்தது. அது என்ன என்று கேட்டதற்கு, பரிமாறியவர் சுருக்கமாக, "இதற்கு நாங்கள் ஈஸ்ட் சேர்ப்பதில்லை" என்றார். அந்த ஒரு வாக்கியம்தான் எங்களை மறுநாள் ஆலைக்கே போக வைத்தது.

சாதாரண பீர் எப்படி உருவாகிறது? பார்லியை முளைகட்டி, உலர்த்தி, வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதை ஹாப்ஸ் என்ற பூவுடன் கொதிக்க வைத்து, குளிர்வித்து, ஈஸ்ட் சேர்ப்பார்கள். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுவாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. 1883இல் கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பர்க் ஆய்வகத்தில் எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர் ஒரே வகை ஈஸ்டைத் தனியே பிரித்து வளர்க்கும் முறையைக் கண்டார். அதன் பிறகு உலகின் பெரிய ஆலைகள் தூய ஈஸ்டையே நம்பின. பீரின் சுவை எப்போதும் ஒரே மாதிரி இருந்தது அதனால்தான்.

லாம்பிக் அந்த வழிக்குப் போகவில்லை. மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு முளைகட்டாத கோதுமையும் மீதி பார்லியும் சேர்த்துச் சாறு எடுத்து, மணிக்கணக்கில் கொதிக்க வைக்கிறார்கள். ஹாப்ஸும் பல ஆண்டுகள் பழையது. அதன் கசப்பு போய்விடும், கெடாமல் காக்கும் குணம் மட்டும் நிற்கும். கொதித்த சாற்றைக் கூரையின் அடியில் உள்ள அகலமான, ஆழமில்லாத செப்புத் தொட்டியில் ஊற்றி, காற்றோட்டத்தில் இரவு முழுவதும் திறந்தே வைக்கிறார்கள். காற்றிலும் கூரையிலும் உள்ள நுண்ணுயிர்கள் அதில் இறங்குகின்றன. காலையில் சாறு மரப்பீப்பாய்களுக்குப் போகிறது. பீப்பாயின் மரத்திலும் தலைமுறைகளாகக் குடியிருக்கும் உயிர்கள் உண்டு.

நம் இட்லி மாவும் இப்படித்தான், வெளியிலிருந்து எதுவும் சேர்க்காமல் புளிக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மாவை நாம் கொதிக்க வைப்பதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்களே அதைப் புளிக்க வைக்கின்றன. லாம்பிக் சாறு கொதிக்கும்போது தானியத்தில் இருந்தவை இறந்துவிடும். ஆகவே எல்லாம் அந்த இடத்திலிருந்தே வரவேண்டும். நமக்கு ஓர் இரவு போதும். அவர்களுக்கு ஓர் ஆண்டு முதல் மூன்று ஆண்டுகள் வரை தேவை. இரண்டுக்கும் புளிப்பைத் தருவதில் முக்கியப் பங்கு லாக்டிக் அமிலத்துடையது.

ஓராண்டு, ஈராண்டு, மூன்றாண்டு லாம்பிக்குகளைக் கலந்து புட்டியில் அடைத்து மீண்டும் நொதிக்க விட்டால் அது 'கோஸ்'. (முட்டைகோஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) புளிப்புச் செர்ரிப் பழங்களை ஊறவைத்தால் 'கிரீக்'. கோஸின் முதல் வாய் எனக்கு நன்றாகப் புளித்த மோரையும் பச்சை ஆப்பிளையும் நினைவூட்டியது. இனிப்பு துளியும் இல்லை. மதுவின் அளவு சுமார் 5 விழுக்காடு.

நாங்கள் பார்த்த ஆலையின் பெயர் கான்டியோன். 1900இல் தொடங்கியது. பிரஸ்ஸல்ஸ் தெற்கு ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். 1970களில் மக்களின் நாக்கு இனிப்பான பானங்களுக்குத் திரும்பிவிட்டது. பல லாம்பிக் ஆலைகள் மூடின, சில ஆலைகள் இனிப்பைச் சேர்த்துப் பிழைத்தன. கான்டியோன் குடும்பத்தின் மருமகனான ஜான்-பியேர் வான் ராய் சுவையை மாற்ற மறுத்தார். 1978இல் ஆலையையே அருங்காட்சியகமாக்கிப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார். எப்படிச் செய்கிறோம் என்று பார்த்தால்தான் ஏன் புளிக்கிறது என்று புரியும் என்பது அவர் கணக்கு. அது பலித்தது. இன்று அவர் மகன் ஜான் ஆலையை நடத்துகிறார். சிலந்தி வலைகளைக்கூட அவர்கள் கலைப்பதில்லை. பழத்துக்கு வரும் பூச்சிகளை அவை பிடித்துக்கொள்கின்றன. பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது.

நாங்கள் போனது கோடை என்பதால் செப்புத் தொட்டி காலியாக இருந்தது. அக்டோபர் இறுதியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் காய்ச்சுவார்கள். இரவு வெப்பமாக இருந்தால் சாறு மெதுவாகக் குளிரும். வேண்டாத பாக்டீரியாக்கள் பெருகி எல்லாவற்றையும் கெடுத்துவிடும். 2015 நவம்பரில் இரவுகள் குளிராததால் கான்டியோன் காய்ச்சுவதையே நிறுத்தி வைக்க நேர்ந்தது. சந்தையின் மாற்றத்தை ஒரு குடும்பத்தின் உறுதி வென்றது. பூமி சூடாவதை அந்த உறுதி மட்டும் வெல்ல முடியாது.

அந்தப் பக்கம் விடுமுறைக்குச் செல்லும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள். மது அருந்தாதவர்களும் ஆலையைச் சுற்றிப் பார்க்கலாம். அந்த மணமும் பீப்பாய் வரிசைகளுமே காணத் தக்கவை. அருந்துபவர்கள் சிறு கோப்பையாகக் கேட்டு, மெதுவாகச் சுவைப்பது நல்லது. வாடகைக் கார் ஓட்டுபவர் தொடவே கூடாது. பெல்ஜியத்தில் 1 லிட்டர் ரத்தத்தில் 0.5 கிராம் மது இருந்தாலே குற்றம். நம் நாட்டில் வரம்பு இன்னும் குறைவு, 0.3 கிராம். தொட்டி நிரம்பி ஆவி பறக்கும் காட்சியைக் காண விரும்பினால் கோடையில் போகாமல் குளிர்காலத்தில் போங்கள்.