கடற்கரைக் கட்டடங்கள் கற்பிக்கும் பாடம்

முன்னுரை

பண்டை நகரங்களின் கட்டடக்கலையைக் கற்க விழைவோர் ரோமாபுரியையே முதலில் நினைப்பர். அங்குள்ள இரு கட்டடங்கள் நம் சிந்தனைக்குரியவை. கொலோசியம் என்னும் பேரரங்கம் பயனற்றுப்போன பின்பு, பல நூற்றாண்டுகள் பிற மாளிகைகளுக்குக் கல் எடுக்கும் இடமாயிற்று. பந்தியோன் என்னும் கோட்டமோ கி.பி. 609இல் கிறிஸ்தவ ஆலயமாக்கப்பட்டது; அதன் குவிமாடம் இன்றும் முழுமையாக நிற்கிறது. கட்டடம் நிலைப்பதும் அழிவதும் கட்டுமானப் பொருளை மட்டும் பொறுத்தவையல்ல என்பது இதனால் விளங்கும். இவ்வுண்மையை அறிய நாம் ரோமாபுரி வரை செல்லவேண்டுவதில்லை. மாமல்லபுரம் முதல் கடப்பாக்கம் வரையுள்ள நம் கடற்கரையே அதற்குச் சான்றாகும்.

1. மாமல்லபுரம்

ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுண்ணச்சாந்து ஆகியவை இன்றிக் கோயில் அமைத்ததை மண்டகப்பட்டுக் கல்வெட்டிற் பதித்தான். அதற்கு முன் இங்குக் கோயில்கள் செங்கல்லாலும் மரத்தாலும் ஆனவை என்பது இதனாற் பெறப்படும். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் சாளுவன்குப்பத்தில் நடந்த அகழாய்வு, பல்லவர் காலக் கற்கோயிலின் கீழே அதனினும் பழைய செங்கற்கோயில் ஒன்று இருந்ததை வெளிப்படுத்தியது.

மாமல்லபுரத்துச் சிற்பியர் பாறையை வெட்டியபோதும் பழைய வடிவங்களை விட்டுவிடவில்லை. திரௌபதி இரதம் கூரை வேய்ந்த குடிசையின் வடிவினது. வீம இரதத்தின் மேற்கூரை வண்டிக்கூடு போல் வளைந்தது. எளிய மக்கள் ஓலையாலும் மூங்கிலாலும் கண்ட வடிவே அரசர் கல்லிலும் இடம்பெற்றது. பின்னர், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இராசசிம்மன் கல்லை அடுக்கிக் கடற்கரைக் கோயிலை எழுப்பினான். இவை 1984இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக ஏற்கப்பட்டன.

2. சதுரங்கப்பட்டினமும் ஆலம்பரையும்

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை அடுத்துள்ள சதுரங்கப்பட்டினத்தில் ஒல்லாந்தர் வணிகத்துக்கென அமைத்த செங்கற்கோட்டை உள்ளது. அதனுள்ளே பண்டகசாலைகளும், சித்திரவேலை செறிந்த கல்லறைகளும் காணப்படுகின்றன. ஆங்கிலேயர் அதனை 1781இல் கைப்பற்றினர்.

இன்னும் தெற்கே சென்றால் கடப்பாக்கத்தை அடைகிறோம். இப்பகுதி இடைக்கழிநாடு எனப்படும். சிறுபாணாற்றுப்படையைப் பாடிய நல்லூர் நத்தத்தனார் இந்நாட்டினர். இங்கே கழிமுகத்தருகே ஆலம்பரைக் கோட்டை சிதைந்து கிடக்கிறது. செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டப்பட்ட இக்கோட்டை பதினெட்டாம் நூற்றாண்டில் ஆற்காட்டு நவாபின் ஆளுகையில் இருந்தது. துறைமுகமும் நாணயச்சாலையும் இங்கு விளங்கின. 1750இல் கோட்டை பிரெஞ்சுக்காரர் வசமாயிற்று; 1760இல் ஆங்கிலேயர் அதனைக் கைப்பற்றித் தகர்த்தனர். 2004இன் பேரலை எஞ்சிய பகுதியையும் ஓரளவு குலைத்தது.

இக்கோட்டையை முதலில் அழித்தது கடலன்று, மனிதர் கையே. தகர்ந்தபின் அதனைப் பழுதுபார்க்க வேண்டிய தேவை எவருக்கும் இல்லாமற்போயிற்று.

3. தரங்கம்பாடி: ஓர் ஒப்பீடு

இதே சோழமண்டலக் கடற்கரையில், கடப்பாக்கத்துக்கு வெகு தெற்கே தரங்கம்பாடி உள்ளது. அங்கே சீகன்பால்க் ஐயர் எழுப்பிய புதிய எருசலேம் ஆலயம் 1718இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. அதுவும் செங்கல்லும் சுண்ணாம்புமே. உப்புக்காற்றும் அதே காற்றே. 2004இல் பேரலை அவ்வூரையும் தாக்கியது. எனினும் அவ்வாலயம் மூன்று நூற்றாண்டு கடந்தும் நிற்கிறது. காரணம் யாது? ஞாயிறுதோறும் அங்கே கூடும் சபை ஒன்று உண்டு. ஒழுகும் கூரையைக் காண்பதற்குக் கண்களும், அதைச் செப்பனிடுவதற்குக் கைகளும் இருந்தன. ஆலம்பரைக்கு அவை இல்லை.

4. சுண்ணச்சாந்தின் தன்மை

பயன்பாடு மட்டும் போதுமா? அறியாமையோடு செய்யும் பழுதுபார்ப்பும் கட்டடத்தைக் கெடுக்கும். இதனைப் போதகர்கள் கருத்திற் கொள்ளவேண்டும்.

நம் முன்னோர் கிளிஞ்சலைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கி, நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் சேர்த்துச் சாந்து செய்தனர். இச்சாந்து நுண்துளை உடையது. சுவரில் ஏறும் ஈரத்தை அது வெளியே ஆவியாக விடுகிறது. சிறிது நெகிழ்ந்துகொடுக்கும் இயல்பும் அதற்குண்டு. சிமெண்டோ இறுகியது. பழைய சுண்ணச்சுவரின்மேல் அதனைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கும். ஈரத்திலுள்ள உப்பு உறைந்து படிகமாகிச் செங்கல்லைப் பொடியாக்கும். வெளிப்பூச்சு சில ஆண்டுகள் பளபளக்கும். பின்னர்ச் செங்கல்லையும் பெயர்த்துக்கொண்டு விழும். சுவர் பழையதாகையால் விழுந்தது எனக் கருதி, ஆலயத்தையே இடிக்கச் சபையார் தீர்மானிப்பதும் உண்டு.

சென்னை எழும்பூரில் 1821இல் கட்டி முடிக்கப்பட்ட தூய அந்திரேயா ஆலயத்தின் மெருகுச் சுண்ணப்பூச்சைக் கண்டோர், இப்பொருள் எத்துணை அழகுடையது என்பதை அறிவர்.

முடிவுரை

சபை பெருகும்போது இடம் போதாமை உண்மையான தேவையே. எல்லாப் பழைய சுவரையும் காக்கவேண்டும் என்று நாம் கூறவில்லை. சபை கட்டடத்துக்காக அன்று, கட்டடமே சபைக்காக. ஆயினும் இடிப்பதற்கு முன் ஆராய்தல் நம் கடமை. எருசலேமின் இடிந்த அலங்கத்தைக் கட்ட வந்த நெகேமியா, எவரிடமும் சொல்லுமுன் இராக்காலத்தில் தானே சென்று அதனைச் சுற்றிப் பார்த்தான் என்று வேதம் கூறுகிறது. நாமும் அவ்வாறே கூரையின்மேல் ஏறி, வடிகாலைத் திறந்து, சுவரைத் தட்டிப் பார்ப்போமாக. சுண்ணாம்பு வேலை அறிந்த முதிய கொத்தனார் ஊரில் இருந்தால், இளைஞர் ஒருவரை அவரிடம் பயில அனுப்புவோமாக. கூரையில் முளைத்த ஆலங்கன்றை இன்று பிடுங்குவது எளிது; அது வேரோடிய பின் எத்தனை இலட்சம் செலவிட்டும் சுவரைக் காத்தல் அரிது.