செல்போனை மாற்றலாமா? வணிகர்கள் கூட்டிக் கழித்துப் பார்க்க வேண்டிய கணக்கு

நம் பெரியவர்கள் கடைப் பேரேட்டைக் கண்ட இடத்தில் போட்டு வைத்ததில்லை. இரவு கடை அடைத்தால் கல்லாப் பணத்தோடு பேரேடும் வீட்டுக்கு வரும். யார் எவ்வளவு பாக்கி, எந்த மண்டியில் என்ன விலைக்குச் சரக்கு எடுத்தோம், யாருக்கு எத்தனை நாள் தவணை என்ற விவரமெல்லாம் அதில் இருக்கும். அது பக்கத்துக் கடைக்குத் தெரிந்தால் நம் வியாபாரம் கெடும். ஊருக்குத் தெரிந்தால் பாக்கிக்காரரின் மானம் போகும். ஆகவே பேரேட்டைக் காப்பது வியாபார நாணயத்தில் ஒரு பகுதி என்றே கருதி வந்தார்கள்.

இன்று அந்தப் பேரேடு நம் சட்டைப் பையில் உள்ள செல்போனுக்குள் போய்விட்டது. "கூகுளும் ஆப்பிளும் நம் விவரங்களை எடுத்துக்கொள்கின்றன என்கிறார்களே, இவர்களை விட்டு விலகி வேறு வகைப் போனுக்கு மாறிவிடலாமா?" என்ற கேள்வி வணிகர்களிடையே எழுகிறது. நியாயமான கேள்விதான். தராசின் ஒரு தட்டில் வசதியையும் மறு தட்டில் அந்தரங்கத்தையும் வைத்து நிறுத்துப் பார்த்த பிறகே இதற்குப் பதில் சொல்ல முடியும். அதற்கு வேண்டிய விவரங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

கம்பெனிக்குப் போகும் விவரம் என்ன?

ஆண்ட்ராய்டு போனில் இரண்டு அடுக்குகள் உள்ளன. அடித்தளமான மென்பொருள் பொதுச் சொத்து போன்றது. யாரும் இலவசமாக எடுத்து மாற்றி அமைத்துக்கொள்ளலாம். அதன் மேல் கூகுளுக்குச் சொந்தமான 'பிளே சர்வீசஸ்' என்ற அடுக்கு உட்கார்ந்திருக்கிறது. ஆப் இறக்கும் கடை, இருக்குமிடம் காட்டுதல், அறிவிப்புகள் வந்து சேர்தல் ஆகியவை இதன் வழியாக நடக்கின்றன. விவரங்கள் வெளியே செல்வதும் பெரும்பாலும் இதன் வழியாகத்தான்.

அயர்லாந்தின் டப்ளின் நகரில் உள்ள டிரினிட்டி கல்லூரிப் பேராசிரியர் டக்ளஸ் லீத் 2021-ல் இதை அளந்து பார்த்தார். போன் சும்மா கிடக்கும்போதும் ஆண்ட்ராய்டும் ஐபோனும் சராசரியாக 4½ நிமிடத்துக்கு ஒரு முறை தங்கள் கம்பெனியோடு தொடர்பு கொள்வதாக அவர் எழுதினார். அவர் அளந்த முறையைக் கூகுள் ஏற்கவில்லை. போன் ஒழுங்காக வேலை செய்ய இத்தகைய தொடர்பு தேவை என்பது கூகுளின் வாதம்.

இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 'லொகேஷன் ஹிஸ்டரி'யை நிறுத்தி வைத்த பிறகும் வேறொரு அமைப்பின் வழியாக இருக்குமிடம் பதிவாவதை அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2018-ல் வெளிப்படுத்தியது. அதன் தொடர்ச்சியாக அமெரிக்காவின் 40 மாநிலங்கள் தொடுத்த விவகாரத்தை, 2022 நவம்பரில் 39.15 கோடி டாலர் கொடுத்துக் கூகுள் முடித்துக்கொண்டது. நம் நாட்டிலும், ஆண்ட்ராய்டு போன்களில் தன் ஆப்களைக் கட்டாயமாகச் சேர்க்க வைத்தது முதலிய காரணங்களுக்காக 2022 அக்டோபர் 20-ல் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2023 மார்ச்சில் அந்தத் தொகையை உறுதி செய்தது. ஆக, உறுப்பினர்களின் சந்தேகம் வெறும் வதந்தியால் வந்ததல்ல.

விலகிச் செல்ல என்ன வழி?

ஐபோனில் மென்பொருளை மட்டும் மாற்ற வழியில்லை. விலகுவதானால் போனையே விட வேண்டும். ஆண்ட்ராய்டில் அடித்தளம் பொது என்பதால் கூகுள் அடுக்கை நீக்கிய மாற்று மென்பொருள்கள் கிடைக்கின்றன.

'லினியேஜ் ஓ.எஸ்.' பல பழைய மாடல்களில் ஏறும். '/இ/ ஓ.எஸ்.' பொதுமக்கள் எளிதாகப் பயன்படுத்தும் நோக்கில் செய்யப்பட்டது. 'கிராஃபீன் ஓ.எஸ்.' பாதுகாப்பில் பெயர் பெற்றது. ஆனால் அது ஏறுவது கூகுளின் பிக்சல் போன்களில். கூகுளை விட்டு விலகக் கூகுள் தயாரித்த போனையே வாங்க வேண்டியிருப்பது ஒரு வேடிக்கை. சென்னை ஐ.ஐ.டி.யில் வளர்ந்த ஒரு நிறுவனம் 2023 ஜனவரியில் 'பார் ஓ.எஸ்.' என்ற ஒன்றை அறிமுகம் செய்தது. பாதுகாப்பு மிகவும் வேண்டிய நிறுவனங்களின் உபயோகத்தை முதலில் கருதியே அது வழங்கப்பட்டது.

இவற்றை ஏற்றப் போனின் உள்பூட்டைத் திறக்க வேண்டும். திறந்தால் போனில் உள்ளது அனைத்தும் அழிந்துவிடும். வாரண்டிக்குச் சிக்கல் வரலாம். சில கம்பெனிகள் உள்பூட்டைத் திறக்க இடம் கொடுப்பதே இல்லை.

கல்லாவில் என்ன ஆகும்?

வணிகர்களுக்கு முக்கியமான பகுதி இதுதான். வசதிகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. வரும் பணம்: கல்லாவில் ஒட்டிய கியூ.ஆர். அட்டைக்கு நம் போன் தேவையில்லை. வாடிக்கையாளர் தம் போனில் அனுப்புகிறார். பணம் நம் வங்கிக் கணக்கு வழியே வந்து சேர்கிறது. பணம் வந்ததைச் சொல்லும் ஒலிப்பெட்டிக்குத் தனி சிம் உண்டு. ஆகவே போனை மாற்றினாலும் சில்லறை வரவு நிற்காது.

2. கொடுக்கும் பணம்: இங்கேதான் இடிக்கும். யு.பி.ஐ. ஆப்களும் வங்கி ஆப்களும், போனின் மென்பொருள் கம்பெனி கொடுத்தபடியே இருக்கிறதா என்று சோதிக்கின்றன. மாற்று மென்பொருளில் சில ஓடும். சில திறக்கவே மறுக்கும். இன்று ஓடுவது அடுத்த புதுப்பிப்பில் நின்றும் போகலாம். லாரி வாசலில் நிற்கும்போது ஆப் திறக்கவில்லை என்றால் மண்டிக்காரர் காத்திருப்பாரா? மாற்று வழிகள் உண்டு. கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் மூலம் நெஃப்ட் அனுப்பலாம். 2019 டிசம்பர் முதல் அது எல்லா நாளும் 24 மணி நேரமும் உண்டு. சாதாரணப் போனில் *99# அடித்தும் அனுப்பலாம். ஆனால் ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரைதான். மொத்தக் கொள்முதலுக்கு அது போதாது.

3. ஆர்டர்: வாட்ஸ்அப் பெரும்பாலும் மாற்று மென்பொருளிலும் ஓடும். கம்பெனிகளின் ஆர்டர் ஆப்கள் பலவும் கூகுள் அடுக்கை நம்பிச் செய்யப்பட்டவை. அவை தடுமாறலாம், அறிவிப்பு தாமதமாக வரலாம்.

4. வரி வேலை: ஜி.எஸ்.டி. தளமும் ஈ-வே பில் தளமும் கம்ப்யூட்டர் பிரௌசரிலேயே திறக்கும். ஓ.டி.பி. எஸ்.எம்.எஸ். ஆக வரும். இதில் இடைஞ்சல் இல்லை. போனை மாற்றுவதால் வரிக் கணக்கில் எதுவும் மறையாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். வங்கி வழியாக வந்த பணம் வங்கியில் பதிவாகியே இருக்கும்.

5. பாதுகாப்பு: பிளே ஸ்டோர் இல்லாதபோது ஆப்களை வெளியிலிருந்து இறக்க வேண்டும். 'எஃப்-டிராய்டு' போன்ற நம்பகமான இடங்கள் இருக்கின்றன. ஆனால் வெளியிலிருந்து இறக்கும் பழக்கமே ஓர் ஆபத்து. கல்யாணப் பத்திரிகை என்றும் போக்குவரத்து அபராதச் சீட்டு என்றும் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பைத் தொட்டு வங்கிப் பணத்தை இழந்தவர்கள் உண்டு. புதுப்பிப்பு நின்றுபோன மாற்று மென்பொருளை வைத்திருப்பது, பூட்டு இல்லாத கிடங்கு போன்றது.

விலகினாலும் தீராதவை

போனை மாற்றியதும் எல்லாம் மறைந்துவிடும் என்று எண்ணக் கூடாது. நம் எண் நூறு பேர் போனில் இருக்கிறது. அவர்களில் ஒருவர் தம் தொடர்புப் பட்டியலை ஏதோ ஓர் ஆப்புக்குத் திறந்துவிட்டால் நம் பெயரும் எண்ணும் அங்கே போய்ச் சேரும். இதைத் திருப்பிப் பார்த்தால் நம் பொறுப்பும் விளங்கும். நம் போனில் இருப்பவை நம்முடைய ரகசியங்கள் மட்டுமல்ல, நம்மை நம்பிக் கடன் சொன்ன குடும்பங்களின் ரகசியங்களும்தான்.

கடன் ஆப்களின் கதை இதற்குச் சாட்சி. அவசரத்துக்குச் சிறு தொகை வாங்கியவர்களின் தொடர்புப் பட்டியலை எடுத்து, அதில் இருந்த உறவினருக்கும் நண்பருக்கும் போன் செய்து அவமானப்படுத்தினார்கள். டிஜிட்டல் கடன் ஆப்கள் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் விதி செய்தது. கூகுளும் 2023 மே மாத இறுதி முதல் தன் கடையில் உள்ள தனிநபர் கடன் ஆப்களுக்கு அதைத் தடுத்தது. அதற்குள் நடந்த தீங்கு நடந்ததுதான். அந்தத் தீங்கு 'அனுமதி' என்ற பொத்தானை வாசிக்காமல் அழுத்தியதால் வந்தது. போன் எந்த வகையானாலும் அந்தப் பொத்தான் நம் கையில்தான் இருக்கிறது.

செலவில்லாமல் செய்யக்கூடியவை

ஆகவே பெரும்பாலான கடைக்காரர்கள் இருக்கும் போனிலேயே முதலில் கீழ்க்கண்டவற்றைச் செய்யலாம். அரை மணி நேர வேலைதான்.

• செட்டிங்ஸில் 'பெர்மிஷன்' பகுதியைத் திறந்து, தொடர்புப் பட்டியல், எஸ்.எம்.எஸ்., மைக், இருக்குமிடம் ஆகியவை எந்தெந்த ஆப்புக்குத் திறந்திருக்கின்றன என்று பாருங்கள். யு.பி.ஐ. ஆப்புக்கு எஸ்.எம்.எஸ். அனுமதி தேவை. டார்ச் லைட் ஆப்புக்குத் தொடர்புப் பட்டியல் எதற்கு?

• கூகுள் கணக்கில் 'டைம்லைன்', 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி' இரண்டையும் நிறுத்துங்கள். முன் சொன்ன அமெரிக்க விவகாரத்தில் சிக்கலுக்குக் காரணம், மக்கள் ஒன்றை மட்டும் நிறுத்தியதே.

• விளம்பரப் பகுதியில் 'அட்வர்டைசிங் ஐ.டி.'யை நீக்கலாம்.

• வாட்ஸ்அப் பேச்சு பூட்டப்பட்டது என்றாலும், அதன் பேக்கப் கூகுள் டிரைவில் பூட்டில்லாமல் போகலாம். மறைகுறி பேக்கப் வசதி 2021 முதல் இருக்கிறது. அதை நாமாகத்தான் திறந்துவிட வேண்டும். மண்டி விலையெல்லாம் அந்தப் பேச்சில்தானே இருக்கிறது!

• உபயோகிக்காத ஆப்களை நீக்குங்கள்.

நடு வழி

இதற்கு மேலும் பாதுகாப்பு வேண்டுவோர் இரண்டு போன் முறையைக் கையாளலாம். வங்கியில் பதிவான சிம் உள்ள போனில் யு.பி.ஐ., ஆர்டர் ஆப் ஆகிய இரண்டு மட்டும் இருக்கட்டும். அதைக் கடைப் பையன் தொட்டாலும் குடும்பப் படமோ பாக்கிக் கணக்கோ அதில் இராது. சொந்தப் பேச்சுக்கு இன்னொரு போன். மாற்று மென்பொருளைப் பழகிப் பார்க்க விரும்புவோர் அந்த இரண்டாவது போனில் தொடங்கலாம். கல்லாப் போனில் சோதனை வேண்டாம். ஒரு ரீசார்ஜ் செலவு கூடும், அவ்வளவுதான். பாக்கிக் கணக்கை மட்டும் பழைய நோட்டிலேயே எழுதுவோரைப் பார்த்து யாரும் சிரிக்க வேண்டியதில்லை. நோட்டிலிருந்து எந்தக் கம்பெனிக்கும் செய்தி போவதில்லை.

முழுமையாக விலகுவது யாருக்குப் பொருந்தும்? கம்ப்யூட்டரில் நெட் பேங்கிங் செய்யத் தெரிந்தவர், ஆர்டர் ஆப்பை நம்பியிராதவர், புதுப்பிப்பைத் தவறாமல் போடக்கூடியவர் ஆகியோருக்குப் பொருந்தும். மற்றவர்கள் அவசரப்பட வேண்டாம்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24-ல் தீர்ப்பளித்தனர். 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. வாடிக்கையாளரின் பெயரையும் எண்ணையும் போனிலும் கம்ப்யூட்டரிலும் வைத்து வியாபாரம் செய்யும் நாமும் அந்தச் சட்டத்தின் கண்ணில் பிறர் தகவலை வைத்திருப்பவர்களே. சட்டம் சொல்வதற்கு முன்பே நம் பெரியவர்கள் அந்தப் பொறுப்பை உணர்ந்திருந்தார்கள். இன்று இரவு கடை அடைத்ததும் அந்த அரை மணி நேரத்தை ஒதுக்கிப் போனைத் திறந்து பாருங்கள். யார் யாருக்கு நம் பேரேட்டைத் திறந்து வைத்திருக்கிறோம் என்பது தெரிந்துவிடும்.