கார் தகட்டில் ஓட்டை போடப் போறீங்களா? மெல்லிசு தகடுதான் கையை கிழிக்கும்... உஷார்!

மண்ணூர்பேட்டை: ஒரு பக்கம் பாடி, மறுபக்கம் அம்பத்தூர் எஸ்டேட். 1964-ல் எஸ்டேட் வருவதற்கு முன்பே பாடியில் லூகாஸ் டி.வி.எஸ். வந்துவிட்டது. நடுவில் இருக்கிற மண்ணூர்பேட்டைக்காரர்களுக்கு பிரஸ், டை, டிரில் எல்லாம் வீட்டு வார்த்தை. ஆனாலும் சொந்த வண்டிக்கு ஸ்பீக்கர், ஆண்டெனா மாட்ட டிரில்லை எடுக்கும்போது பலரும் கோட்டை விடுகிறார்கள். ஓட்டை வட்டமாக வராமல் மூணு மூலையாக வருகிறது. சுத்தி பிசிரு. சில நேரம் கையில் ரத்தம்.

ஏன் இப்படி?

கார் பாடி தகடு சுமார் 0.8 மி.மீ. கனம்தான். 10 மி.மீ. டிரில் பிட்டின் கூர் முனை மட்டுமே 3 மி.மீ. நீளம் இருக்கும். அதாவது பிட்டோட அகலம் தகட்டை தொடுவதற்குள் முனை அந்தப் பக்கம் வெளியே வந்துவிடுகிறது. பிடிமானம் போன பிட் ஆட்டம் போடும். ரெண்டு வெட்டு விளிம்பும் மாறி மாறி இடிக்க, ஓட்டை முக்கோணமாகிவிடும்.

அதோடு விட்டால் பரவாயில்லை. பிட் முழுசா உள்ளே இறங்கும் கடைசி நொடியில் அதன் முறுக்கு ஸ்க்ரூ மாதிரி தகட்டை கவ்வி மேலே தூக்கும். கையால் பிடித்திருக்கும் தனித்தகடு என்றால் பிளேடு போல சுழன்று வரும். விரல் போவது அந்த நொடியில்தான். மெல்லிசு தகடுதானேன்னு யாரும் அலட்சியமா இருக்காதீங்க.

பிரஸ்சில் இந்த தொல்லை இல்லை. மேலே பஞ்ச், கீழே டை. தகட்டை அடியில் டை தாங்குகிறது. ரெண்டுக்கும் நடுவே இடைவெளி ஒவ்வொரு பக்கமும் தகட்டு கனத்தில் பத்தில் ஒரு பங்குக்குள்தான் விடுவார்கள். பஞ்ச் மழுங்கினால் உடனே பிசிரு காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த தாங்கலைத்தான் டிரில்லுக்கும் கொடுக்க வேண்டும். தனித்தகடு என்றால் மேலேயும் கீழேயும் பிளைவுட் வைத்து ஜி கிளாம்ப்பால் இறுக்கிவிட்டு துளை போடுங்கள். வண்டியிலேயே போடுவதாக இருந்தால் ஸ்டெப் டிரில் வாங்குங்கள். படிப்படியாக அகலமாகும் கூம்பு அது. சென்டர் பஞ்சால் குறி அடித்து, சின்ன ஓட்டை போட்டு, பிறகு ஸ்டெப் டிரில்லை மெதுவாக இறக்கினால் வட்டம் சுத்தமாக வரும். அடுத்த படி லேசாக உரசினால் மேல் பிசிரும் போய்விடும். 50 மி.மீ. மாதிரி பெரிய ஓட்டைக்கு ஹோல் சா.

வேகம் முக்கியம். 6 மி.மீ.க்கு நிமிடத்துக்கு 1,500 சுற்று ஓடலாம். 50 மி.மீ. ஹோல் சாவுக்கு 150, 200 போதும். அதே வேகத்தில் விட்டால் பல் கருகிவிடும். ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்க.

கண்ணாடி கட்டாயம். கிளவுஸ் கூடாது, சுழலும் பிட் துணியை இழுத்தால் கையும் கூடவே போகும். மணிக்கட்டில் கட்டிய கோயில் கயிறுக்கும் இதேதான்... சாமி கோவிச்சுக்காது, கழட்டி வச்சிடுங்க!

துளை போடும் முன் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெட்ரோல் டேங்க், பிரேக் பைப், வயர் எதுவும் இருக்கக்கூடாது. பேட்டரியை கழட்டிவிடுங்கள். கதவு தூண்களில் சில வண்டிகளில் ஏர்பேக் இருக்கும், அங்கே கையே வைக்காதீங்க. எலெக்ட்ரிக் வண்டியில் ஆரஞ்சு நிற கேபிள் தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஓட்டை போட்டதோடு வேலை முடியவில்லை. விளிம்பை அரத்தால் தேய்த்து பிசிரு எடுக்கணும். தகட்டின் பெயிண்டும் துத்தநாகப் பூச்சும் அந்த இடத்தில் போய்விட்டது, பச்சை இரும்புதான் மிச்சம். பிரைமர் தடவாமல் விட்டால் சென்னை மழைக்கு ரொம்ப நாள் தாங்காது. வயர் நுழையும் ஓட்டைக்கு ரப்பர் குரோமெட் கண்டிப்பா போடுங்க. அது இல்லாமல் விட்டால் வண்டி குலுங்கக் குலுங்க விளிம்பு வயரின் தோலை அறுத்துவிடும். ஷார்ட் ஆகி வண்டி எரிவதற்கு அந்த இருபது ரூபாய் ரப்பர் காரணமாகிவிடக் கூடாது.

கடைசியாக, உள்ளே விழுந்த இரும்புத்தூளை காந்தத்தால் எடுத்துவிடுங்கள். கதவுக்குள் கிடந்து ஈரம் பட்டால் புதுசா அங்கேயே துரு பிடிக்கும்.