காப்பிச் செடியில் வேர்முடிச்சு நூற்புழு எதிர்ப்புத்திறன்

காப்பிச் செடியின் வேர்முடிச்சு நூற்புழு எதிர்ப்புத்திறன் என்பது, மெலாய்டோகைன் பேரினத்தைச் சேர்ந்த நூற்புழுக்களைத் தன் வேரில் வளர்ந்து பெருகவிடாமல் தடுக்கும் மரபுவழித் திறன் ஆகும். பயிரிடப்படும் அராபிகா காப்பி வகைகளில் பெரும்பாலானவற்றுக்கு இத்திறன் இல்லை. ரொபஸ்டா காப்பிச் செடிகள் பலவற்றில் இது உண்டு. ஆனால் ஓர் இன நூற்புழுவைத் தடுக்கும் செடி, வேறோர் இனத்தைத் தடுக்கும் என்று சொல்ல முடியாது. காப்பி ஒருமுறை நட்டால் இருபது, முப்பது ஆண்டுகள் நிலத்தில் நிற்கும் பயிர். எனவே நாற்றைத் தேர்ந்தெடுப்பதில் நேரும் பிழையைப் பின்னர் திருத்துவது கடினம்.

நூற்புழுவும் நோயும்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ பகுதியில் காப்பித் தோட்டங்கள் பட்டுப்போயின. இதை ஆராய்ந்த சுவிட்சர்லாந்து நாட்டு இயற்கை அறிவியலாளர் எமில் கோல்டி, வேர் முடிச்சுகளில் இருந்த நூற்புழுவுக்கு 1887இல் மெலாய்டோகைன் எக்சிகுவா என்று பெயரிட்டார். மெலாய்டோகைன் என்னும் பேரினப் பெயரே இவ்வாறு காப்பி வேரிலிருந்து பிறந்ததுதான். கிரேக்க மொழியில் இதற்கு 'ஆப்பிள் வடிவப் பெண்' என்பது பொருள். முதிர்ந்த பெண் புழு உருண்டு திரண்டிருப்பதால் இப்பெயர் வந்தது.

முட்டையிலிருந்து வெளிவரும் இளம்புழு அரை மில்லிமீட்டர் நீளம்கூட இராது. அது வேர் நுனிக்கு அருகே துளைத்து நுழைந்து, நீரும் உணவும் செல்லும் வேரின் மையப்பகுதியை அடைகிறது. அங்குள்ள சில செல்களில் தன் உமிழ்நீரைச் செலுத்துகிறது. அச்செல்களின் உட்கரு மீண்டும் மீண்டும் பிரிந்தாலும் செல் பிரிவதில்லை. இதனால் பல உட்கருக்கள் கொண்ட பெருஞ்செல்கள் உருவாகின்றன. புழு தன் வாழ்நாள் முழுதும் இவற்றிலிருந்தே உணவை உறிஞ்சுகிறது. சுற்றியுள்ள திசு வீங்கி முடிச்சாகிறது. செடிக்கு நீரும் சத்தும் குறைந்து இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன.

எல்லா இனங்களும் முடிச்சை உண்டாக்குவதில்லை. 1996இல் தனி இனமாக விவரிக்கப்பட்ட மெலாய்டோகைன் பரனேன்சிஸ் தாக்கினால், வேரில் முடிச்சுகளைவிட வெடிப்பும் தக்கை போன்ற தடிப்பும்தான் தெரியும். இதுவும் மெலாய்டோகைன் இன்காக்னிட்டாவும் எக்சிகுவாவை விடக் கொடியவை. இவ்விரண்டிலும் ஆண் புழுவின் துணையின்றியே பெண் புழு முட்டையிடுகிறது.

எதிர்ப்புத்திறனும் தாங்குதிறனும்

இவ்விரண்டும் வேறானவை. எதிர்ப்புத்திறன் உள்ள செடியில் புழு பெருக முடியாது. தாங்குதிறன் உள்ள செடியில் புழு பெருகும். ஆயினும் செடி ஓரளவு விளைச்சல் தரும். தாங்குதிறன் மட்டுமே உள்ள செடி செழிப்பாகத் தோன்றினாலும், மண்ணில் புழுக்களின் எண்ணிக்கை கூடிக்கொண்டே போகும்.

எதிர்ப்புத்திறனை அளக்கப் பெருக்கக் காரணி பயன்படுகிறது. இறுதியில் உள்ள புழு, முட்டை ஆகியவற்றின் எண்ணிக்கையைத் தொடக்கத்தில் இட்ட எண்ணிக்கையால் வகுத்தால் இது கிடைக்கும். எடுத்துக்காட்டாக, ஒரு தொட்டியில் 5,000 முட்டைகளை இட்டு, சில மாதங்களுக்குப் பின் 1,000 மட்டுமே இருந்தால் காரணி 0.2. அதுவே 50,000 ஆகியிருந்தால் காரணி 10. காரணி 1-க்குக் குறைவாக இருந்தால் அச்செடி எதிர்ப்புத்திறன் உள்ளதாகக் கருதப்படுகிறது.

மெக்ஸ்-1 மரபணு

அராபிகாவின் மரபணு வளம் மிகக் குறுகியது. எத்தியோப்பியாவில் தோன்றிய இச்செடி ஏமன் வழியாகச் சில விதைகளாகவும் நாற்றுகளாகவுமே உலகெங்கும் பரவியது. எனவே எதிர்ப்புத்திறனை வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் அராபிகாவுக்கு 44 குரோமோசோம்கள். ரொபஸ்டாவுக்கு 22 மட்டுமே. இதனால் இரண்டையும் கலப்பது எளிதன்று.

இந்தத் தடையை இயற்கையே கடந்திருந்தது. தைமூர் தீவில் 1920களில் கண்டறியப்பட்ட ஒரு செடி இவ்விரண்டின் இயற்கைக் கலப்பு. தைமூர் கலப்பினம் எனப்படும் இதற்கு அராபிகாவைப் போலவே 44 குரோமோசோம்கள் இருந்ததால், அராபிகாவுடன் இதை எளிதில் கலக்க முடிந்தது. இலைத்துரு நோய்க்கு எதிரான மரபணுக்களுக்காகவே இது முதலில் பயன்பட்டது. எக்சிகுவா நூற்புழுவுக்கு எதிரான மெக்ஸ்-1 மரபணுவும் அவற்றுடன் சேர்ந்தே வந்தது. ரொபஸ்டா வழிவந்த இம்மரபணுவைப் பற்றிய ஆய்வு 2003இல் வெளியானது. வில்லா சார்ச்சி என்னும் அராபிகா வகையைத் தைமூர் கலப்பினத்துடன் சேர்த்து பிரேசிலில் உருவாக்கிய இயாபார் 59 வகையில் இது உள்ளது.

மெக்ஸ்-1 உள்ள வேரில் இளம்புழு நுழைந்தாலும், அது தொட்ட செல்களும் அவற்றைச் சுற்றியுள்ளவையும் விரைவில் மடிந்துவிடுகின்றன. இது மிகையுணர் வினை எனப்படும். உயிருள்ள பெருஞ்செல் இன்றிப் புழு வளர முடியாது. சில செல்களை இழந்து செடி வேரைக் காத்துக்கொள்கிறது.

ஒட்டு நாற்று

கலப்பினம் உருவாகப் பல ஆண்டுகள் ஆகும். ஒட்டு கட்டுவது விரைவான வழி. முளைத்த சில வாரங்களே ஆன ரொபஸ்டா நாற்றின் தலையை வெட்டி, தண்டைப் பிளந்து, ஆப்பு வடிவில் சீவிய அராபிகா நாற்றின் தண்டை அதில் செருகிக் கட்டுவர். மேலே அராபிகாவின் சுவை, கீழே ரொபஸ்டாவின் வேர். குவாத்தமாலாவில் இம்முறை 1960களிலிருந்து பரவியது. பிரேசிலில் கம்பினாஸ் வேளாண்மை நிறுவனம் தேர்ந்தெடுத்த அபோவாட்டா என்னும் ரொபஸ்டா வகை, எக்சிகுவா, இன்காக்னிட்டா, பரனேன்சிஸ் ஆகிய மூன்றுக்கும் எதிரான வேர்ச்செடியாகப் பயன்படுகிறது.

இதிலும் ஒரு குறை உண்டு. ரொபஸ்டா தன் மகரந்தத்தால் தானே கருவுறாது. அயல் மகரந்தம் வேண்டும். ஆகவே அதன் விதை நாற்றுகள் எல்லாம் ஒரே தன்மை உடையவை அல்ல. எதிர்ப்புத்திறன் இல்லாத சில நாற்றுகளும் அவற்றில் கலந்திருக்கும்.

எல்லைகள்

மெக்ஸ்-1 எக்சிகுவாவுக்கு எதிரானது மட்டுமே. இயாபார் 59 செடியை பரனேன்சிஸ் உள்ள நிலத்தில் நட்டால் அது பாதிக்கப்படும். அத்தகைய நிலங்களுக்கென ஐபிஆர் 100, ஐபிஆர் 106 ஆகிய அராபிகா வகைகள் பிரேசிலில் உருவாக்கப்பட்டன. மேலும், ஒரே மரபணுவைத் தொடர்ந்து நம்பியிருந்தால், அதை மீறும் புழுக்கள் தேர்வாகிப் பெருக வாய்ப்புண்டு. மெக்ஸ்-1 உள்ள செடிகளிலும் பெருகும் எக்சிகுவா புழுக்கள் பிரேசிலில் கண்டறியப்பட்டுள்ளன.

தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களில் முதன்மையாகத் தொல்லை தருவது வேர்முடிச்சு நூற்புழு அன்று; பிராட்டிலெங்கஸ் காஃபியே என்னும் வேர்ப்புண் நூற்புழு. மெக்ஸ்-1 வேர்முடிச்சு நூற்புழுவின் ஓர் இனத்துக்கானது என்பதால், அதை இங்கே தீர்வாகக் கொள்ள முடியாது. ரொபஸ்டா வேர்மீது ஒட்டு கட்டும் முறை இங்கும் கையாளப்படுகிறது.

மண்ணில் நூற்புழு ஒருமுறை நிலைகொண்டால் அதை முற்றிலும் அழிப்பது நடைமுறையில் இயலாது. ஆகையால் நடுவதற்கு முன் மண்ணையும் பழைய செடிகளின் வேரையும் ஆய்வகத்தில் கொடுத்து, இருப்பது எந்த இனம் என்று அறிவதே முதல் வேலை. எந்த வகையை நடுவது என்பதை அதன் பிறகே முடிவு செய்ய முடியும். புழுவற்ற மண்ணில் வளர்த்த நாற்றையே வாங்குவதும், பாதித்த நிலத்தில் பயன்படுத்திய மண்வெட்டி முதலிய கருவிகளைக் கழுவிய பின்னரே வேறு நிலத்துக்கு எடுத்துச் செல்வதும் புழு பரவுவதைக் குறைக்கும்.